54 பெயர்கள், ஐந்து பதில்கள்

1971 போரில் பாகிஸ்தானிடம் பிடிபட்டதாகச் சொல்லப்பட்டு இன்றுவரை வீடு திரும்பாத 54 இந்திய வீரர்கள் உயிரோடு இருக்கிறார்களா? 2015 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் இதைக் கேட்டது. தெரியாது என்றார் அரசின் சொலிசிட்டர் ஜெனரல். பாகிஸ்தான் தன் சிறைகளில் அவர்கள் இல்லை என்று மறுத்துவருவதால், இறந்துவிட்டதாகவே கருதுகிறோம் என்றும் சொன்னார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலையில், அரசு நாடாளுமன்றத்தில் வேறொரு பதிலை வைத்தது. அந்த 54 பேரையும் சேர்த்து 83 இந்தியப் படையினர் பாகிஸ்தானின் காவலில் இருக்கிறார்கள் என்றது அந்தப் பதில்.

இரண்டு பதில்களையும் கொடுத்தது ஒரே அரசு, ஒரே பிரதமரின் ஆட்சி. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் புதிய சான்று எதுவும் கிடைத்ததாக யாரும் அறிவிக்கவில்லை. ஒருவரை நீதிமன்றத்தில் இறந்தவராகவும் நாடாளுமன்றத்தில் கைதியாகவும் காட்ட வேண்டிய தேவை ஓர் அரசுக்கு ஏன் வருகிறது?

இந்த விவகாரம் பேசப்படும்போதெல்லாம் பேச்சு பாகிஸ்தானின் மறுப்பில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த மறுப்பை நான் நம்பவில்லை. காரணங்களைக் கீழே சொல்கிறேன். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் குடும்பங்கள் மனுக்களோடு ஏறி இறங்கியது டெல்லியின் படிகளில்தான். அவர்களுக்கு டெல்லி கொடுத்த பதில்களைத்தான் இங்கே எடைபோட விரும்புகிறேன்.

முதலில் அன்றைய நிலவரம். 1971 டிசம்பர் 3-ஆம் தேதி மேற்கு எல்லையில் தொடங்கிய போர் இரண்டு வாரத்தில் முடிந்தது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது, சிவிலியன்களையும் சேர்த்து ஏறத்தாழ 93,000 பேர் இந்தியாவின் கைக்கு வந்தார்கள். மேற்கு எல்லையில் பிடிபட்ட இருதரப்புக் கைதிகளும் 1972 டிசம்பர் 1-ஆம் தேதி மாற்றிக்கொள்ளப்பட்டார்கள். 600-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அன்று திரும்பினார்கள். கிழக்கில் சரணடைந்தவர்களின் கதை நீண்டது. 1972 ஜூலை சிம்லா ஒப்பந்தம் அவர்களின் விடுதலையை முடிவு செய்யவில்லை. 1973 ஆகஸ்ட் டெல்லி ஒப்பந்தத்துக்குப் பிறகே அவர்கள் ரயில் ரயிலாக அனுப்பப்பட்டார்கள். 1974 ஏப்ரல் இறுதியில் கடைசிக் குழு வாகாவைக் கடந்தது. அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில் மேஜர் அசோக் சூரியின் தந்தைக்கு ஒரு கடிதம் வந்தது. மகன் போரில் இறந்துவிட்டதாக ராணுவம் ஏற்கெனவே அறிவித்திருந்தது. வந்த கடிதத்திலோ மகனின் கையெழுத்து. சில மாதங்கள் கழித்து, 1975-இல், கராச்சியிலிருந்து இன்னொன்று வந்தது. தான் நலமாக இருப்பதாகவும், தன்னோடு இருபது அதிகாரிகள் இருப்பதாகவும், இந்திய அரசைத் தொடர்புகொள்ளும்படியும் அதில் எழுதியிருந்தார். கையெழுத்து அவருடையதுதான் என்று பாதுகாப்பு அமைச்சகம் சரிபார்த்தது. போரில் இறந்தவர் என்றிருந்த பதிவு காணாமற்போனவர் என்று திருத்தப்பட்டது.

இந்த விவகாரத்தின் மொத்தச் சான்றுகளில் எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது இதுதான். ஏனென்றால் இது யாரோ யாரிடமோ கேட்டுச் சொன்ன செய்தி இல்லை. கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய காகிதம். அதைச் சோதித்தது அரசு. அந்தச் சோதனையின் அடிப்படையில் தன் பதிவையும் மாற்றியது. அந்தத் திருத்தத்தோடு அரசு ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டது: கைதிப் பரிமாற்றம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் குறைந்தது ஓர் இந்திய அதிகாரி பாகிஸ்தானில் உயிரோடு இருந்தார். அவர் கணக்குப்படி, இருபது பேர் உடனிருந்தார்கள். இதற்குமேல் எங்களிடம் யாரும் இல்லை என்ற பாகிஸ்தானின் ஒட்டுமொத்த மறுப்பு இந்த ஒரு காகிதத்தின் முன்னால் நிற்காது.

அடுத்த படியில் வருபவை பத்திரிகைச் சான்றுகள். 1971 டிசம்பர் 27 தேதியிட்ட டைம் வார இதழில் கம்பிகளுக்குப் பின்னால் நிற்கும் ஓர் இந்தியக் கைதியின் படம் வந்தது. அது மேஜர் ஏ.கே. கோஷ் என்று குடும்பம் அடையாளம் சொன்னது. போர் தொடங்கிய ஓரிரு நாளில் பாகிஸ்தான் அப்சர்வர் நாளிதழ், ஐந்து இந்திய விமானிகள் பிடிபட்டதாகச் செய்தி போட்டது. அதில் தாம்பே என்ற ஃப்ளைட் லெப்டினன்ட்டின் பெயர் ஓர் எழுத்துப் பிசகோடு இருந்தது. இந்திய விமானப்படையில் அந்தப் பெயரில் இருந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது குடும்பத்தின் வாதம்: விஜய் வசந்த் தாம்பே. அவர் மனைவி தமயந்தி தாம்பே, தேசிய பாட்மின்டன் சாம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர். விளையாட்டில் உச்சத்தில் இருந்த ஒரு பெண் வாழ்நாள் முழுதும் அமைச்சகங்களின் வரவேற்பறைகளில் காத்திருந்தார். போர்க்காலத்தில் பத்திரிகைகள் தவறு செய்யும், பெருமையடிக்கும்; அதை மறுக்க முடியாது. ஆனால் பிடித்தவர்கள் தரப்பில் வெளியான பத்திரிகை, பிடிபட்டவரின் பெயரையும் பதவியையும் அச்சிட்டால் அது சாதாரண வதந்தி ஆகாது. உயிரோடு பிடிபட்ட ஒருவரிடமிருந்தோ அவர் உடைமைகளிலிருந்தோதான் அந்தப் பெயர் கிடைத்திருக்க முடியும். இரண்டாவது சாத்தியத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மூன்றாவது வகைச் சான்றில் நான் அதிகம் சாய மாட்டேன். பாகிஸ்தானின் முன்னாள் பிரதமர் பூட்டோவின் வழக்கைப் பற்றி விக்டோரியா ஸ்கோஃபீல்ட் எழுதிய நூலில், லாகூர் கோட் லக்பத் சிறையில் பூட்டோவின் அறைக்குப் பக்கத்திலிருந்து இரவுகளில் அலறல் கேட்டதாகவும், விசாரித்தபோது அவர்கள் மனம் பேதலித்துப்போன இந்தியப் போர்க்கைதிகள் என்று தெரிந்ததாகவும் வருகிறது. இந்தியாவுக்காக வேவு பார்த்துப் பாகிஸ்தான் சிறைகளில் கிடந்து மீண்ட மோகன்லால் பாஸ்கரும், பாகிஸ்தான் ராணுவ அதிகாரிகள் சிலர் தன்னிடம் சொன்னதாக இந்தியக் கைதிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் ஸ்கோஃபீல்டுக்கு அந்தச் செய்தி எத்தனை வாய் கடந்து வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பூட்டோ கேட்டது அலறலை. சிறைக்காரர்கள் சொன்னது விளக்கத்தை. அதில் ஒரு பெயர்கூட இல்லை. குடும்பங்களின் மனுக்களில் இந்த நூல் கடிதத்துக்குச் சமமான இடத்தில் வைக்கப்படுகிறது. அது அவர்களின் தவறு இல்லை. சான்றுகளைத் தரம் பிரிக்க வேண்டிய அரசு அந்த வேலையைச் செய்யாதபோது, கிடைத்ததை எல்லாம் சேர்த்து முன்னால் கொட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் லேசானதாக இல்லை. எதிரி மண்ணில் எரிந்து விழுந்த விமானத்தில் உடல் கிடைக்காது. ஹுசைனிவாலாவிலும் சம்பிலும் இந்தியப் படை பின்வாங்கிய இடங்களில் வீழ்ந்தவர்களின் கணக்கை எடுத்தவன் எதிரி. எடுத்தானா என்பதே சந்தேகம். இப்படிப்பட்டவர்களும் அந்த 54 பெயர்களுக்குள் இருக்கிறார்கள். பத்திரிகையாளர் சந்தர் சுதா டோக்ரா இந்த விவகாரத்தைப் பற்றி எழுதிய நூலில் முக்கியமான ஒன்றை வெளிக்கொண்டு வந்தார். 1990-களின் தொடக்கத்தில் ஒரு நீதிமன்ற மனுவுக்கு அளித்த பதிலில், பட்டியலில் உள்ள 15 பேர் போரில் கொல்லப்பட்டது உறுதி என்று அரசே சொல்லியிருக்கிறது. அப்படியானால் அந்தப் 15 பெயர்கள் பட்டியலில் ஏன் நீடித்தன? 2019-இல் காவலில் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களில் அவர்களும் எப்படி இருந்தார்கள்?

அரசு தந்த பதில்களை இப்போது வரிசைப்படுத்திப் பார்க்கலாம். போர் முடிந்ததும் வீட்டுக்கு வந்த தந்தி: இறந்துவிட்டார், அல்லது காணவில்லை. 1979 ஏப்ரலில், வெளியுறவுத் துறை இணை அமைச்சர் சமரேந்திர குண்டு மக்களவையில் ஒரு கேள்விக்குப் பதிலாக வைத்த பெயர்ப் பட்டியல்: பாகிஸ்தான் சிறைகளில் இருக்கிறார்கள். 1990-களில் நீதிமன்றத்தில்: அவர்களில் 15 பேர் கொல்லப்பட்டது உறுதி. 2015-இல் உச்ச நீதிமன்றத்தில்: எல்லோரும் இறந்ததாகக் கருதுகிறோம். 2019-இல் நாடாளுமன்றத்தில்: எல்லோரும் காவலில் இருக்கிறார்கள். ஐந்து பதில்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

காரணம் எளிது. கேட்ட இடத்துக்குத் தக்கபடி பதில் மாறியிருக்கிறது. நாடாளுமன்றத்தில், பாகிஸ்தானைக் குற்றம்சாட்டும் பதில் அரசுக்கு வசதி. நீதிமன்றத்தில், நடவடிக்கை எடுக்கும்படி உத்தரவு வந்துவிடக் கூடாது என்பதால் இறந்தவர்கள் என்ற பதில் வசதி. அந்த 54 பேரும் ஆளுக்கொரு இடத்தில், ஆளுக்கொரு விதமாகக் காணாமற்போன தனித்தனி மனிதர்கள். 54 என்ற ஒரே எண்ணாக அவர்களைக் கட்டி வைத்திருப்பதுதான் இந்த வசதியைத் தருகிறது. மேஜர் சூரியைப் பற்றி மட்டும் கேட்டால், கடிதம் வந்தது, சரிபார்த்தோம், பிறகு இன்னின்னது செய்தோம் என்று பதில் சொல்லியாக வேண்டும். 54 பேரைப் பற்றிக் கேட்டால், பாகிஸ்தான் மறுக்கிறது என்ற ஒரே வரி போதும்.

போர்க்கைதிகளைப் பற்றிய ஜெனீவா உடன்படிக்கை 1949-இல் வந்தது. இரண்டு நாடுகளும் அதில் உறுப்பினர்கள். முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கைதியும் தன் வீட்டுக்கும் ஜெனீவாவில் உள்ள மையத்துக்கும் ஓர் அட்டை எழுத அனுமதிக்கப்பட வேண்டும். பிடித்த நாடு தகவல் அலுவலகம் ஒன்றை நடத்த வேண்டும். போர் ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவித்து அனுப்ப வேண்டும். கைதியின் உயிர் அந்த அட்டையில்தான் தொங்குகிறது. பதிவுக்குள் வந்தவரை அழிப்பது கடினம். பதிவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரை எதுவும் செய்யலாம்.

1972 ஆகஸ்டில் ராவல்பிண்டியில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. அங்கே அடைக்கப்பட்டிருந்த பன்னிரண்டு இந்திய விமானிகளில் மூவர் - திலீப் பருல்கர், கிரேவால், ஹரீஷ் சின்ஜி - சுவரைத் துளைத்து வெளியேறினார்கள். பெஷாவர் போய், ஆப்கான் எல்லையை நோக்கிச் சென்று, லண்டி கோட்டல் என்ற ஊரை அடைந்தார்கள். அங்கே லண்டி கானாவுக்கு வழி கேட்டதில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களிடம் இருந்த பழைய வரைபடத்தில் அந்த ரயில் நிலையம் இருந்தது. ஆனால் அது 1932-லேயே மூடப்பட்டுவிட்டது, உள்ளூர்க்காரர் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். பழங்குடிப் பகுதியில் ஒற்றர்களாக அங்கேயே முடிந்துபோகக்கூடிய நிலை. பருல்கர் சமயோசிதமாக, தாங்கள் பாகிஸ்தான் விமானப்படையைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லி, விமானப்படைத் தளபதியின் உதவி அதிகாரியை அழைத்துக் கேட்கச் சொன்னார். அந்த அதிகாரி உஸ்மான் ஹமீத், முன்பு அவர்களுடைய முகாமைக் கவனித்தவர். தொலைபேசியில் விவரம் கேட்டதுமே யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். அந்த மூவரும் டிசம்பரில் மற்றவர்களோடு வாகா வழியே வந்து சேர்ந்தார்கள்.

ஆளை அடையாளம் தெரிந்த ஓர் அதிகாரியும், செஞ்சிலுவைச் சங்கத்தின் பார்வையில் பட்ட ஒரு முகாமும் இருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள். நமக்குத் தெரிந்த இன்னொருவர் சென்னையைச் சேர்ந்த விமானி அபிநந்தன் வர்த்தமான். 2019 பிப்ரவரி 27-ஆம் தேதி பிடிபட்டார், மார்ச் 1-ஆம் தேதி இரவு வாகாவில் நடந்து வந்தார். முகத்தில் ரத்தத்தோடும் பிறகு கையில் தேநீர்க் கோப்பையோடும் அவர் நின்ற காட்சி சில மணி நேரத்துக்குள் உலகம் முழுக்கப் போய்விட்டது. இங்கே அப்படி யாரும் இல்லை என்று சொல்ல பாகிஸ்தானுக்கு வழியே இருக்கவில்லை. தாம்பேயின் பெயரும் அச்சில் வந்தது. ஆனால் அது டாக்கா வீழ்வதற்குச் சில நாள் முன்பு அங்கே வெளிவந்த ஒரு நாளிதழின் மூலையில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு யார் உடனே யாரிடம் கேட்டார்கள்?

இந்த இடத்தில்தான் 93,000 பேர் பற்றிய கோபம் எழுகிறது. அத்தனை பேரைக் கையில் வைத்திருந்தும் 54 பேரை மீட்கவில்லையே என்று குடும்பங்கள் கேட்கிறார்கள். மேடைகளிலும் இது முழங்கப்படுகிறது. நியாயமான கோபம். ஆனால் அதை அப்படியே ஏற்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1974 ஏப்ரலில் கடைசிப் பாகிஸ்தான் கைதி போனபோது சூரியின் கடிதம் வந்திருக்கவில்லை. அதற்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. அரசின் கணக்கில் அவர் இறந்தவர். இறந்தவர் என்று தானே எழுதி வைத்த ஒருவரைத் திருப்பிக் கொடு என்று எந்த அரசும் பேரம் பேசாது. ஆகவே இந்திரா காந்தி தெரிந்தே 54 பேரைக் கைவிட்டார் என்ற குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதைவிடச் சிறிய, ஆனால் தப்பிக்க முடியாத குற்றச்சாட்டு ஒன்று உண்டு. டைம் இதழின் படம் 1971 டிசம்பரிலேயே வந்துவிட்டது. பாகிஸ்தான் அப்சர்வர் செய்தியும் அப்படியே. 1972 டிசம்பர் 1-க்கும் 1974 ஏப்ரலுக்கும் இடையில் ஏறத்தாழ பதினேழு மாதங்கள் இருந்தன. திரும்பி வந்த 600-க்கும் மேற்பட்டவர்களிடம், நீங்கள் யாரை எங்கே கடைசியாகப் பார்த்தீர்கள் என்று கேட்டு, வராதவர்களின் பெயர்களோடு ஒப்பிட்டு, பத்திரிகைத் துணுக்குகளை வைத்துச் சரிபார்த்திருந்தால், கேட்க வேண்டிய பெயர்கள் பேரம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே கிடைத்திருக்கும். அப்படியொரு விசாரணை நடந்ததற்கான அறிக்கை எதையும் எந்த அரசும் இதுவரை வெளியிட்டதில்லை. நாடாளுமன்றத்தில் பட்டியல் வந்தது 1979-இல். பேரத்துக்கான கைதிகள் போய் ஐந்து ஆண்டு ஆகிவிட்டிருந்தது.

பிறகு நடந்த சிறைப் பயணங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1983-இல் ஆறு உறவினர்கள் முல்தான் சிறைக்குப் போனார்கள். 2007 ஜூனில் பதினான்கு பேர் பத்துச் சிறைகளுக்குப் போனார்கள். இரண்டிலும் ஒருவரும் கிடைக்கவில்லை. போகும் நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால், காட்ட விரும்புவதைத்தான் காட்டுவார்கள். எனவே இவற்றை இல்லை என்பதற்கான சான்றாகக்கூட எடுத்துக்கொள்ள முடியாது. 2008-இல் கையெழுத்தான தூதரக அணுகல் ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் இரு நாடுகளும் கைதிகளின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. மீனவர்களும் சிவிலியன்களும் அதில் வருகிறார்கள். ராணுவத்தினரை விடுவிக்கும்படி இந்தியா ஒரு வரி சேர்க்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வரி.

சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாமே என்ற கேள்வியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 23-ஆம் தேதி குஜராத் உயர் நீதிமன்றம் அப்படித்தான் உத்தரவிட்டது. குடும்பங்களுக்கு ஓய்வுக்காலப் பலன்களையும் கொடுக்கச் சொன்னது. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 2012 மே மாதம் தடை வாங்கியது. சிம்லா ஒப்பந்தப்படி பிரச்சினைகளை இரு நாடுகளும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும், வெளியுறவுக் கொள்கையில் நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்பது அரசின் வாதம். இந்தத் தடையைக் கேட்டுக் குடும்பங்கள் நொந்துபோனார்கள். ஆனாலும் சட்டப்படி அரசின் பக்கம் வலு இருக்கிறது என்றே சொல்வேன். காமன்வெல்த் நாடுகளோடான வழக்குகளை ஏற்க மாட்டோம் என்று 1974-இல் இந்தியாவே அந்த நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. தன் கடற்படை விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் தொடுத்த வழக்கு 2000-இல் அந்தக் காரணத்தால்தான் தள்ளுபடியானது. அதே கதவை இந்தியா தட்டினால் பாகிஸ்தான் அதே பதிலைச் சொல்லும். பாகிஸ்தான் சிறையில் உள்ள இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா 2017-இல் ஹேக்கில் உள்ள அந்த நீதிமன்றத்துக்குப் போனது உண்மை. ஆனால் அது தூதரக உறவுகளுக்கான உடன்படிக்கையின் தனி நெறிமுறை வழியே போனது. ஜெனீவா உடன்படிக்கையில் அப்படி ஒரு வாசல் கிடையாது.

ஹேக் போக முடியாது என்பது அரசின் நல்ல பதில். ஆனால் குடும்பங்களின் கேள்விக்கு அது பதில் ஆகாது. அவர்கள் இரண்டு கேட்கிறார்கள்: என் மனிதரைக் கொண்டுவா, அவரைப் பற்றி உனக்குத் தெரிந்ததைச் சொல். முதலாவது பாகிஸ்தானின் கையில் இருக்கிறது. இரண்டாவது முழுக்க டெல்லியின் கையில் இருக்கிறது. அரை நூற்றாண்டாக அரசு முதலாவதைச் செய்ய முடியாததைக் காட்டியே இரண்டாவதையும் செய்யாமல் விட்டிருக்கிறது. என் வாதத்தின் சாரம் இவ்வளவுதான்.

செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். வியட்நாம் போர் முடிந்து 1973-இல் 591 அமெரிக்கக் கைதிகள் திரும்பினார்கள். திரும்பாதவர்களின் குடும்பங்கள் விடவில்லை. இங்கே போலவே அங்கும் பார்த்தேன் என்றவர்கள், மங்கலான படங்கள், நம்பிக்கையை விற்றுப் பிழைத்த மோசடிக்காரர்கள் எல்லாம் உண்டு. 1991-இல் அமெரிக்க செனட் ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. ஜான் கெர்ரி தலைவர். கோப்புகள் லட்சக்கணக்கான பக்கங்களாகத் திறக்கப்பட்டன, முன்னாள் அமைச்சர்கள் சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொன்னார்கள். 1993 ஜனவரி அறிக்கை, எவரும் இன்னும் உயிரோடு சிறையில் இருப்பதாக நிரூபிக்கும் வலுவான சான்று இல்லை என்றது. அதோடு, 1973-இல் சிலர் விடுபட்டிருக்கக்கூடும் என்பதையும் ஒப்புக்கொண்டது. பல குடும்பங்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆனால் எதை ஏற்கவில்லை என்று சுட்டிக்காட்ட அவர்கள் கையில் ஓர் அறிக்கை இருந்தது. இங்கே எதிர்த்து வாதாடக்கூட ஒரு காகிதம் இல்லை.

ரகசியம் என்ற காரணம் இனிச் செல்லாது. தகவல் அறியும் உரிமைச் சட்டமே இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகளைப் பற்றிய தகவலைச் சில விலக்குகள் தவிர வெளியிடச் சொல்கிறது. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்த கொள்கைப்படி, போர் ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுகளில் திறக்கப்பட வேண்டும். 1971 அந்த எல்லையை இரண்டு முறை தாண்டிவிட்டது.

இவர்களில் யாராவது இன்னும் உயிரோடு இருக்கக்கூடுமா? ஈரான் விமானி ஹுசைன் லஷ்கரி ஈராக்கில் 18 ஆண்டு அடைபட்டிருந்து 1998-இல் திரும்பினார். இந்தியாவின் காஷ்மீர் சிங் 35 ஆண்டு பாகிஸ்தான் சிறையில் இருந்து 2008-இல் வந்தார். நீண்ட சிறைவாசம் நடக்காத காரியம் இல்லை. ஆனால் காஷ்மீர் சிங்குக்கு வழக்கு, தீர்ப்பு, சிறைப் பதிவு எல்லாம் இருந்தன. 1971-இல் முப்பது வயதான ஒருவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். இவ்வளவு காலம் எந்தப் பதிவுக்கும் உட்படாமல் ஒருவர் வாழ்ந்திருப்பார் என்று நம்ப எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இதை எழுதக் கை வரவில்லை என்றாலும் எழுதத்தான் வேண்டும். நம்பிக்கையை அணையாமல் வைத்திருப்பதாகக் காட்டிக்கொண்டு 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பதில், அந்த முதிய மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் செய்யப்பட்ட கருணை ஆகாது.

என் தீர்ப்பு இது. பட்டியலில் உள்ள சிலரேனும் உயிரோடு பிடிபட்டார்கள். குறைந்தது ஒருவர் 1975 வரை பாகிஸ்தானில் இருந்தார். அவர்களை மறைத்த குற்றம் பாகிஸ்தானுடையது. வேறு சிலர் போர்க்களத்திலேயே இறந்தார்கள். அது தெரிந்தும் அவர்களின் பெயர்களைப் பட்டியலில் வைத்திருந்த குற்றம் இந்திய அரசுடையது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களைப் பற்றி விசாரித்து எழுதப்பட்ட ஒரு முடிவு தேவைப்பட்டது. அதை எழுதாமல் விட்டதற்குக் காங்கிரஸ், ஜனதா, பாரதிய ஜனதா என்று எல்லா அரசுகளும் பொறுப்பு.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில், ஒவ்வொரு பெயருக்கும் தனி அறிக்கை எழுதப்பட வேண்டும். கடைசியாக எங்கே, யார் பார்த்தார்கள். என்ன கடிதம், என்ன படம், என்ன ஒலிபரப்பு. அரசு எந்தத் தேதியில் யாரிடம் கேட்டது. என்ன பதில் வந்தது. இன்று அரசின் முடிவு என்ன, எதனால் என்று அதில் இருக்க வேண்டும். அறிக்கை முதலில் குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட வேண்டும், பிறகு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், இந்த ஒரு கேள்வியை அவையில் எழுப்பும்படி அவருக்கு எழுதுங்கள். 54 கோப்புகளும் டெல்லியில்தான் இருக்கின்றன. அவற்றைத் திறக்க இஸ்லாமாபாத்தின் ஒப்புதல் தேவையில்லை.